ஓசிப் பாட்டுக்கு விலை உண்டா?

பாட்டில்லாத வீடு உண்டா, சொல்லுங்கள்! விடிந்தால் சுப்ரபாதம். அடுப்படியில் தாளிக்கும்போது சினிமாப் பாட்டு. மார்கழியில் திருப்பாவை, நோன்பு மாதத்தில் நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரல், டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் கீதங்கள். எங்கள் ஆலங்காயத்தில் ஒரே தெருவிலே இத்தனையும் காதில் விழும். அரிசிக்கும் பருப்புக்கும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிற நாம், பாட்டுக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை. அது காற்றோடு வருகிறது, காற்றோடு போகிறது, அதற்கென்ன காசு என்று இருந்துவிடுகிறோம்.

"இன்னாக்கா, பாட்டுக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களா? பட்டனைத் தட்டினா போன்ல எறங்கிடுது!" இது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டது. வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவள். காலையில் இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். போக வர அவளுக்குத் துணை அந்தப் பாட்டுதான். அவள் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஆனால் பதில் அவ்வளவு சுலபமில்லை. யோசிக்க யோசிக்க, இது நம் வீட்டுச் சங்கதியாகவும் இருக்கிறது, தர்ம நியாயச் சங்கதியாகவும் இருக்கிறது.

இசைத்தட்டு முதல் செல்போன் வரை

நம் நாட்டில் பாட்டை விலைக்கு விற்கும் வழக்கம் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைத் தட்டில் பதிந்தார்கள். 1908இல் அங்கேயே இசைத்தட்டு செய்யும் தொழிற்சாலையும் வந்துவிட்டது. அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பாட்டு. கிராமபோன் பெட்டி வைத்திருந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோ. மற்றவர்களுக்கு ரேடியோ. அந்த ரேடியோவுக்கும் வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டியவர்கள்தான் நம் தாத்தாமார். 1980களில்தான் அதை எடுத்தார்கள்.

1963இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. அது நம் ஊர்ப் பக்கம் பரவியதும் கதையே மாறிவிட்டது. கடைக்காரரிடம் ஒரு வெறும் கேசட்டும், பாட்டுப் பட்டியல் எழுதிய துண்டுக் காகிதமும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு. கடைக்காரருக்குக் கூலி கிடைத்தது, கேசட் கம்பெனிக்கு விலை கிடைத்தது. பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் அதில் ஒரு காலணாவும் போகவில்லை. ஓசிப் பாட்டு செல்போனோடு பிறந்தது அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் எம்.பி.3 வந்தது. ஒரே சி.டி.யில் நூறு பாட்டுக்கு மேல் அடங்கியது. அமெரிக்காவில் 1999இல் 'நாப்ஸ்டர்' என்று ஒன்று கிளம்பி, ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை இன்னொருவர் ஓசியில் எடுத்துக்கொள்ள வழி செய்தது. 2001இல் கோர்ட்டு உத்தரவால் அதை மூடினார்கள். ஆனால் திறந்த மடையை யாரால் அடைக்க முடிந்தது? நம் ஊர் செல்போன் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்துக் கொஞ்சம் பணமும் கொடுத்தால், நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

யாருக்குச் சேர வேண்டிய கூலி?

எங்கள் பக்கத்தில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் உண்டு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊசி குத்திக் குத்தி விரல் காய்த்துப் போயிருக்கும். அவர்களிடம் யாராவது வந்து, "ஷூவை ஜனங்கள் சும்மா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கம்மா, அதனாலே உனக்குக் கூலி இல்லே" என்றால் விடுவார்களா?

"அதுவும் இதுவும் ஒண்ணா? ஷூவை எடுத்தா கடையிலே ஒரு ஜோடி குறையும். பாட்டை எடுத்தா பாட்டு அங்கேயேதானே இருக்குது?" என்று என் மகன் கேட்டான். வாஸ்தவம்தான். பாட்டு குறைவதில்லை. குறைவது அதற்குப் பாடுபட்டவரின் வரும்படி. ஒரு பாட்டுக்குப் பின்னால் கவிஞர், இசை அமைப்பாளர், பாடகர், வயலின்காரர், தபேலாக்காரர், ஒலிப்பதிவு செய்தவர் என்று எத்தனை பேர்! அத்தனை பேர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டாமா?

"சரி, ஷூ தைக்கிறவளுக்கு ஒரு தடவைதானே கூலி? பாட்டுப் போட்டவருக்கு மட்டும் காலமெல்லாம் எதுக்கு?" அடுத்த கேள்வி இது. நல்ல கேள்வி. ஷூ இரண்டு வருஷத்தில் தேய்ந்து போகும், மறுபடி ஒரு ஜோடி வேண்டும், தைப்பவருக்கு மறுபடி வேலை உண்டு. பாட்டு தேயாது. ஒரு தடவை போட்டதை ஐம்பது வருஷம் கேட்கிறோம். அதை வைத்து ஐம்பது வருஷமும் யாரோ ஒருவர் சம்பாதிக்கிறார். அந்தச் சம்பாத்தியத்தில் போட்டவருக்கும் ஒரு பங்கு என்பதுதான் 'ராயல்டி'.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 1963இல் பாடிப் பதிந்த சுப்ரபாதத்தை நினைத்துப் பாருங்கள். அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் அந்த அம்மாள். அன்று தட்டை விலை கொடுத்து வாங்கியவர், சாமி பாட்டோடு ஒரு தர்மத்தையும் சேர்த்துச் செய்திருக்கிறார். தனக்கு உரிமையான பணமாக இருந்ததால்தானே அவரால் தானம் கொடுக்க முடிந்தது?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. கவிஞர், இசை அமைப்பாளர் உரிமை அவர் வாழ்நாள் முழுதும், காலமான பிறகு 60 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவின் மேல் உள்ள உரிமை, வெளியான வருஷத்திலிருந்து 60 ஆண்டு. தியாகராஜர் கீர்த்தனைகள் எல்லாருக்கும் சொந்தம், யாரும் பாடலாம். ஆனால் போன வருஷம் ஒருவர் பாடிப் பதிந்த அதே கீர்த்தனையின் ஒலிப்பதிவு அப்படியல்ல. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டு எழுதுகிறவர்களின் உரிமையை ஒரே கையெழுத்தில் மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபையில் இதற்காக வாதாடினார். 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கவிஞருக்கும் இசை அமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை, அவர்களே நினைத்தாலும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆக்கினார்கள்.

2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அனுமதி வாங்காமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வீடு சண்டையே நடந்தது. "பாடினவருக்கு உரிமை இல்லையா?" என்று ஒரு கட்சி. "போட்டவரைக் கேட்க வேண்டாமா?" என்று ஒரு கட்சி. பிறகு 2019இல் இருவரும் ஒரே மேடை ஏறினார்கள், எல்லாருக்கும் நிம்மதி. அந்தச் சண்டையில் ஒரு நன்மை உண்டு. பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு என்பதே நம்மில் பல பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். மத சம்பந்தமான சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், அதைச் சேர்ந்த விழாக்களிலும் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது.

பாரதியார் காட்டிய வழி

ஏழைக்குப் பாட்டு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பாரதியார் 1921இல் காலமானார். அவர் பாட்டுகளைத் தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று நாடெங்கும் குரல் எழுந்தது. செட்டியார் தம் உரிமையை விட்டுக் கொடுத்தார். 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியின் எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டது, குடும்பத்தாருக்கும் பணம் கொடுத்தது. 1955இல் எல்லாம் ஜனங்களுக்கே பொது என்று ஆகிவிட்டது.

கவனித்தீர்களா? பாட்டு ஓசியானது. ஆனால் உரியவர்களிடம் கேட்டு, குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு ஓசியானது. இதற்கும் திருட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஓசியிலும் நல்லது உண்டு

பாட்டைக் கேட்க இன்று மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, காசு கொடுத்துக் கேட்பது. பாட்டு ஆப்களுக்கு மாதச் சந்தா கட்டலாம். அது பெரும்பாலும் ஒரு கிலோ நல்லெண்ணெய் விலைக்குள் அடங்கிவிடும். வயசானவர்களுக்குச் செல்போன் தடவத் தெரியாவிட்டால், 2017இல் சரிகம கம்பெனி கொண்டுவந்த 'கார்வான்' மாதிரிப் பெட்டிகள் இருக்கின்றன. பழைய பாட்டுகள் உள்ளேயே பதிந்திருக்கும், பட்டனைத் திருகினால் போதும்.

இரண்டாவது, காசு கொடுக்காமல், ஆனால் முறைப்படி கேட்பது. ரேடியோ அப்படித்தான். யூடியூபில் பாட்டுக் கம்பெனியின் சொந்தச் சானலில் கேட்பதும், பாட்டு ஆப்பில் நடுநடுவே விளம்பரத்தோடு கேட்பதும் அப்படித்தான். விளம்பரக்காரர் கொடுக்கும் பணத்தில் பாட்டுக்காரருக்கும் பங்கு போகிறது. நாம் காசுக்குப் பதிலாகக் கொஞ்சம் பொறுமையைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாவது, பெயர் தெரியாத இடத்திலிருந்து இறக்கிக்கொள்வது. இதில் பாட்டுக்காரருக்கு ஒன்றும் போவதில்லை. சில சமயம் நம்மிடம் இருப்பதும் போய்விடுகிறது!

கைப்பணம் ஜாக்கிரதை

முன்னே சொன்னேனே அந்தப் பெண், அவளுக்கு நடந்தது இது. புதுப்படப் பாட்டு ஒன்றை இறக்கப் போனாள். "முதலில் இந்த ஆப்பைப் போடு" என்று வந்தது. போட்டாள். மெசேஜைப் படிக்கலாமா, போன் நம்பர்களைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கெல்லாம் "சரி" அழுத்தினாள். ஒரு வாரம் கழித்து, சம்பளம் ஏறிய அன்றைக்கே, கணக்கிலிருந்து ஆறாயிரம் ரூபாய் காணாமல் போனது. பேங்கிலிருந்து வந்த ஓ.டி.பி. மெசேஜ் அவள் கண்ணில் படவே இல்லை. சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம். "ஓசின்னு நெனச்சேன் அக்கா, மாசச் சம்பளத்துல பாதி போச்சு" என்று அழுதாள். அவளை என்ன சொல்லி ஏசுவது? நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து தைத்த காசு அல்லவா!

ஆகவே, சகோதரிகளே, இவற்றைக் கவனியுங்கள்:

1. செல்போனில் உள்ள முறையான கடையைத் தவிர வேறு இடத்திலிருந்து எந்த ஆப்பையும் இறக்காதீர்கள். முறையான கடையில் எடுத்தாலும், கேட்கும் அனுமதியைப் படித்துப் பாருங்கள்.

2. பாட்டு ஆப்புக்கு உங்கள் மெசேஜ் எதற்கு? கேட்டால் "வேண்டாம்" என்று அழுத்துங்கள்.

3. குழந்தைகள் பாட்டுக் கேட்கிற போனில் பேங்கு ஆப் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். பேங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

5. காசு கொடுத்த பாட்டோ ஓசிப் பாட்டோ, காதுக்கு ஒன்றுதான். இயர்போனில் சத்தம் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதற்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. போனில் முழுச் சத்தத்தில் அறுபது பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. பக்கத்தில் நின்று கூப்பிட்டும் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

நம் வீட்டில் மளிகைக்காரருக்கு, பால்காரருக்கு, பேப்பர்காரப் பையனுக்கு என்று மாதம் பிறந்ததும் பணம் எடுத்து வைக்கிறோம். முடிந்தவர்கள் அந்த வரிசையில் பாட்டுக்காரருக்கும் ஒரு சின்னத் தொகை எடுத்து வையுங்கள். முடியாதவர்கள் ரேடியோவைத் திருகுங்கள், விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பிள்ளைகளிடம் மட்டும் ஒன்று சொல்லி வையுங்கள்: "அப்பா அம்மா உழைப்புக்குக் கூலி கேட்கிறோம் இல்லையா? பாட்டுப் போடுகிறவரும் உழைக்கிறார்." கூலி வேலை செய்து குடும்பம் நடத்துகிற நம் ஊர்களில், இது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.