பழைய பதிப்பும் பயன் தரும்

வீட்டில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. கட்டுரை எழுதுவதற்காக அதில் ஒரு மென்பொருளை நிறுவ முயல்கிறோம். 'இந்த இயங்குதளத்தில் இம்மென்பொருள் இயங்காது' என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. உடனே அக்கணினியை ஒதுக்கிவிட வேண்டுமா? தேவையில்லை. அதற்கு ஏற்ற பழைய பதிப்பைத் தேடிப் பெறலாம்.

திறந்த மூல மென்பொருளின் மூல நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். இத்தகைய மென்பொருள்களை உருவாக்கும் குழுக்கள் பல, புதிய பதிப்பு வெளிவந்த பின்னரும் பழையவற்றை அழிப்பதில்லை. அவற்றைத் தங்கள் இணையக் காப்பகத்தில் பாதுகாத்து வைக்கின்றன.

2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லிப்ரே ஆபிஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2018இன் தொடக்கத்தில் வெளிவந்த அதன் 6.0 பதிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றில் இயங்காது. அவற்றுக்கு ஏற்ற கடைசி வரிசை 5.4 ஆகும். அதனை இன்றும் அக்குழுவின் காப்பகத்தில் பெற முடியும்.

பழைய பதிப்பைத் தேடுமுன், நம் கணினியின் இயங்குதளம் யாது, அது 32 பிட்டா 64 பிட்டா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பின்னர், மென்பொருளை உருவாக்கிய குழுவின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திற்குச் செல்ல வேண்டும். காப்பகத்தில் பதிப்புகள் எண் வரிசையில் இருக்கும். ஒரே வரிசையில் கடைசியாக வந்த பதிப்பைத் தேர்ந்தெடுப்பதே நன்று. 5.4.0ஐவிட 5.4.7இல் பிழைகள் கூடுதலாகத் திருத்தப்பட்டிருக்கும். பழைய கணினியில் காப்பகப் பக்கம் திறக்காவிட்டால், வேறு கணினியில் பதிவிறக்கம் செய்து விரலியின் வழி மாற்றிக்கொள்ளலாம்.

தேடுபொறி காட்டும் முதல் தளத்திலேயே பதிவிறக்கம் செய்வது ஆபத்தானது. சில தளங்கள் மென்பொருளுடன் தேவையற்ற நிரல்களையும் நச்சுநிரல்களையும் சேர்த்துவிடுகின்றன. கோப்பு உண்மையானதுதானா என்பதை அறிய ஒரு வழி உண்டு. பல காப்பகங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட சரிபார்ப்புக் குறியீட்டை வெளியிடுகின்றன. நாம் பெற்ற கோப்பின் குறியீட்டைக் கணினியில் கணக்கிட்டு, அதனோடு ஒப்பிட வேண்டும். ஒரு குறி மாறியிருந்தாலும் அக்கோப்பைத் திறக்கக்கூடாது.

உண்மையான பழைய பதிப்பிலும் குறை உண்டு. பின்னாளில் கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைக்கப்படாமலேயே இருக்கும். ஆகவே, அக்கணினியை இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துவது நல்லது. அறிமுகமில்லாதவர் அனுப்பிய கோப்புகளை அதில் திறக்கக்கூடாது. முக்கியமான ஆவணங்களுக்குப் படி எடுத்து வேறோர் இடத்தில் சேமித்து வைக்க வேண்டும்.

பழையது என்பதற்காக ஒரு கணினியைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. சரியான பதிப்பை நம்பகமான இடத்தில் பெற்று, அதன் வரம்பறிந்து பயன்படுத்தினால், அது இன்னும் சில ஆண்டுகள் ஒரு மாணவருக்குக் கைகொடுக்கும்.