மன்றோவில் நகரின் நீதிமன்றச் சதுக்கம்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே சிற்றூர்களை அமைத்தோர் பலர், ஊரின் நடுவே ஒரு சதுர நிலத்தை ஒதுக்கி, அதன் மையத்தில் நீதிமன்றத்தை எழுப்பினர். நாற்புறமும் வீதி, வீதிக்கப்பால் கடைகள், வங்கி, சட்டத்தரணிகளின் அலுவலகங்கள். டென்னசி மாநிலத்து ஷெல்பிவில் என்னும் ஊரில் 1810ஆம் ஆண்டளவில் வகுக்கப்பெற்ற இம்முறை பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவிற்று. கோயிலைச் சூழ நான்கு வீதிகள் அமைந்த ஊர்களிலே வளர்ந்த நமக்கு இவ்வமைப்பு புதுமையன்று. மூலஸ்தானத்தில் இருப்பது மாத்திரமே வேறு.

இச்சதுக்கங்களுள் உலகறிந்தது அலபாமா மாநிலத்து மன்றோவிலில் உள்ளது. 1903ஆம் ஆண்டிலே செங்கல்லாற் கட்டப்பெற்ற அந்நீதிமன்றத்தின் உச்சியில் மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று உண்டு. ஆயினும் கட்டடத்தின் உயிர்நிலை உள்ளே இருக்கும் விசாரணை மண்டபமேயாம். வளைந்த சுவர்களையுடைய அம்மண்டபத்தில், மேலே பார்வையாளர் மாடமொன்று சுற்றிவரும். நிறபேதம் சட்டமாய் நிலவிய அக்காலத்திலே கறுப்பின மக்கள் கீழே அமரவொண்ணாது. மாடமே அவர்க்கு விதிக்கப்பட்ட இடம். அழகிய அம்மாடத்தை வியக்கும்போது அதன் பயனையும் நாம் மறத்தலாகாது.

இவ்வூரில் 1926இல் பிறந்த ஹார்ப்பர் லீ அம்மையாரின் தந்தையார் ஒரு சட்டத்தரணி. 1960இல் வெளியான அம்மையாரின் நாவலில் வரும் வழக்கு மண்டபம் இதனை ஒத்ததே. 1962இல் அந்நாவலைத் திரைப்படமாக்கியோர் இங்கு வந்து பார்த்தனர். ஊர் பெரிதும் மாறிவிட்டமையால், மண்டபத்தின் அளவுகளைக் குறித்துச் சென்று ஹாலிவூட்டிலே அவ்வாறே அமைத்தனர். அக்கலையமைப்புக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. நகல் பரிசு பெற்ற அதே ஆண்டிலேயே மூலம் ஓய்வுபெற்றது. 1963இல் அருகே புதிய நீதிமன்றம் எழுந்தது. பழையது பின்னர் நூதனசாலையாயிற்று. ஆண்டுதோறும் அந்நாவல் நாடகமாக அங்கே நடிக்கப்பட்டு வந்தது. யூரராய் அமர்வோர் பார்வையாளரிலிருந்தே தெரியப்படுவர்.

நாவல் கற்பனையே. ஆனால் இதே ஊரில் 1986இல் நிகழ்ந்த கொலையொன்றுக்காக வால்டர் மக்மில்லியன் என்னும் கறுப்பினத்தவர் குற்றஞ்சாட்டப்பட்டார். வழக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஆயுட்சிறையே போதுமென யூரர் கூறியும், நீதிபதி 1988இல் மரணதண்டனையே விதித்தார். சாட்சியம் பொய்யெனத் தெளிந்து அவர் விடுதலையானது 1993இலேயே.