கமிஷன் மிச்சம், காவலுக்கு யார்?

ஹைதராபாத் போவன்பள்ளியில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு மொபைல் விளையாட்டை உருவாக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர் அதற்குள் 100 ரூபாய்க்கு ஏதாவது வாங்கினால், 2021இல் கூகுள் வகுத்த கணக்குப்படி, 15 ரூபாய் ப்ளே ஸ்டோருக்குப் போகும். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்டதில் 30 ரூபாய். சொந்த இணையதளத்தில் ஏபிகே கோப்பாக வைத்து விற்றால் இந்தக் கமிஷன் மிச்சம். ஆண்ட்ராய்டில் அதற்கு வழியும் இருக்கிறது.

அந்த வழியில் போய்ப் பார்த்த பெரும்புள்ளி அமெரிக்காவின் எபிக் கேம்ஸ். 2018 ஆகஸ்டில் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டை ப்ளே ஸ்டோருக்கு வெளியே கொண்டுவந்தது. அதே மாதம் கூகுள் பொறியாளர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: சாம்சங் போன்களில் ஏற்கெனவே பதுங்கியிருக்கும் வேறொரு செயலி, இறங்கிவரும் கோப்பை மாற்றிவிட்டு நாசகாரச் செயலியை நுழைத்துவிடலாம். எபிக் அதை உடனடியாக அடைத்தது. ஆனால் போனில் தோன்றிய எச்சரிக்கைகளை அதனால் தாண்ட முடியவில்லை. 2020 ஏப்ரலில், முணுமுணுத்துக்கொண்டே, ப்ளே ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. (நான்கே மாதத்தில் கமிஷன் சண்டையில் வெளியேற்றப்பட்டது வேறு கதை.)

இந்தியாவில் வெளிவழியைப் பரவலாக்கியவை பணம் கட்டி ஆடும் விளையாட்டுகள். ப்ளே ஸ்டோர் அவற்றைச் சேர்க்காததால் ட்ரீம்11 போன்றவை ஏபிகே வழியாகவே கோடிக்கணக்கானவர்களை எட்டின. தெலங்கானா 2017லேயே அந்த வகை ஆட்டங்களைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. ஆட்டம் நின்றாலும் பழக்கம் நிற்கவில்லை. 'தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதி' என்று போன் கேட்டால் யோசிக்காமல் தட்டும் விரல்தான், வாட்ஸாப்பில் போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வரும் போலி ஏபிகேயையும் தட்டுகிறது. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி அதற்குக் கிடைத்தால் வங்கியின் ஓடிபி திருடன் கையில். ப்ளே ஸ்டோரிலும் களைகள் உண்டு. ஆனால் அங்கே களையெடுக்க ஒருவராவது இருக்கிறார்.

கமிஷன் பற்றிய புகாரும் பொய்யல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ப்ளே ஸ்டோர் பணம் செலுத்தும் முறைக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. போன்பே 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோர் என்ற மாற்றுக் கடையைத் திறந்தது. ஆனால் போனிலேயே பதிந்து வந்தால் தவிர, அந்தக் கடையையும் அதே எச்சரிக்கையைத் தாண்டித்தான் இறக்க வேண்டும்.

போவன்பள்ளி இளைஞர்களுக்கு ப்ளே ஸ்டோரில் பதிவு செய்ய ஒரே தடவை 25 டாலர். வெளியே போனால் அதுவும் மிச்சம்தான். ஆனால் அவர்களது ஆட்டத்தின் பெயரில் யாராவது ஒரு போலியைச் சுற்றுக்கு விட்டால், பணம் இழந்தவர் தேடி வருவது அவர்களைத்தான்.