பெரிய மீன்தொட்டியின் நீரை வடித்தலும் தோட்டத்திற்குப் பாய்ச்சுதலும்

அட்டாளைச்சேனை முதலான கரையோர ஊர்களில் வீட்டு முற்றத்திலே சிமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கும் கமக்காரர் உளர். நீர் மாற்றும் நாளில் தொட்டி முழுவதையும் வாளியால் இறைத்து முற்றத்தில் ஊற்றிவிடுவோர் பலர். இதனால் மீனும் சாகிறது, பயிருக்கு உதவக்கூடிய நீரும் வீணாகிறது.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் நீரில் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை பெரும்பாலும் நீரில் மிதப்பனவல்ல. அடிக்கற்களிலும் சுவரிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்வன. தொட்டியை வற்றச் செய்து உரஞ்சிக் கழுவினால் இவை அழிந்துபோகும். அதன்பின் நிரப்பிய நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தும் சில நாளில் மீன் மிதப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே வாரமொருமுறை கால்பங்கு நீரை மாத்திரம் மாற்றுதல் நன்று.

ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள தொட்டியில் இரண்டடி உயரத்திற்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 1,000 லீற்றராகும். நீர்மட்டத்தை 6 அங்குலம் இறக்கினால் 250 லீற்றர் வெளியேறும். 10 லீற்றர் வாளியால் இதனைச் சுமப்பதற்கு 25 நடை வேண்டும். முக்கால் அங்குல றப்பர் குழாயொன்று இவ்வேலையைப் பத்து நிமிட அளவில் முடித்துவிடும்.

வயல் வரம்பில் வக்கடை திறந்தால் மேட்டு வயல் நீர் பள்ள வயலுக்குத் தானே பாய்வதை யாவரும் அறிவர். வரம்பை வெட்டாமல் அதன் மேலாகவே நீரைக் கடத்துவது வடிகுழாய். குழாயின் ஒரு முனை தொட்டி நீருக்குள்ளும், மறுமுனை அந்நீர்மட்டத்திற்குக் கீழும் இருத்தல் வேண்டும். வெளிப்புறத்தே நீண்டு தொங்கும் நீரின் பாரம் கீழ்நோக்கி இழுக்க, தொட்டி நீரின்மேல் அழுத்தும் வளி பின்னிருந்து தள்ளுகிறது. வெளிமுனை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு விரைவாக நீர் ஓடும். எனினும் தாழ்வை இருமடங்காக்கினால் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே ஆகும். குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினாலோ நான்கு மடங்கிற்கும் மேலாகும். எனவே விரைவு வேண்டுவோர் அகன்ற குழாயை வாங்குவதே சிக்கனம். தொட்டி நிலமட்டத்திற்குத் தாழ இருப்பின் வடிகுழாய் உதவாது. புதிதாகக் கட்டுவோர் இரண்டடி உயர அடித்தளத்தின்மேல் கட்டிக்கொள்வார்களாயின் பின்னர் வருந்த நேராது.

குழாயை வாயால் உறிஞ்சித் தொடக்குதல் கூடாது. அழுக்கு நீர் வயிற்றினுள் போகும். குழாயைச் சுருட்டி முழுவதும் நீரில் அமிழ்த்தி, வளிக் குமிழிகள் வெளியேறியபின் ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்துத் தாழ்த்தித் திறந்தால் நீர் ஓடத் தொடங்கும். அதற்கு முன்னர் தொட்டியிலுள்ள மின்கருவிகளின் இணைப்பைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. உள்முனையை அடிமண்டி படிந்த இடமெல்லாம் மெதுவாக நகர்த்த வேண்டும். நீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டுமோ அந்த மட்டத்தில் குழாயின் உட்பக்கத்தே சிறு துளையொன்று இட்டு, துளை இடம்மாறாதவாறு குழாயைத் தொட்டி விளிம்பில் கட்டிவிட்டால், நீர் அவ்விடத்திற்கு இறங்கியதும் வளி புகுந்து ஓட்டம் தானே நிற்கும். வேறு வேலையில் ஈடுபட்டு மறந்துவிடுவோருக்கு இது பெருந்துணை.

புதிதாக விடும் நீரிலும் கவனம் வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்து, நுளம்பு முட்டையிடாதவாறு மெல்லிய வலைத்துணியால் மூடுதல் வேண்டும். கரையோர மணற்பூமியில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பெருகியபோது கிழக்குக் கரைக் கிணறுகள் உவராயின. அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்து வற்றச் செய்த சில இடங்களில் அடியிலிருந்த உவர்நீரே மேலெழுந்தது. ஆதலின் கோடையில் மோட்டாரால் ஒரேயடியாக இறைக்காமல், காலையும் மாலையும் சிறிது சிறிதாக எடுப்பதே தகும். தொட்டியை மெதுவாக நிரப்ப வேண்டும். நீரின் சூடு சடுதியாக மாறுவதை மீன் தாங்காது.

வடிந்த நீரில் நைத்திரேற்று உண்டு. கத்தரி, வெண்டி, மிளகாய், பயற்றை ஆகியவற்றின் அடியில் சதுர மீற்றருக்கு 10 லீற்றர் வீதம் பாய்ச்சினால் 250 லீற்றர் 25 சதுர மீற்றருக்குப் போதும். இது பசளைக்கு ஈடாகாது. ஆயினும் நீரை விரைவில் இழந்துவிடும் மணல்நிலத்திற்கு நல்ல உதவியே. பச்சையாக உண்ணும் வல்லாரை போன்ற இலைகளின்மேல் இதனைத் தெளித்தல் ஆகாது.

மீனின் நோய்க்காக உப்போ செப்பு மருந்தோ இட்ட நீரைப் பாத்திகளுக்கு விடலாகாது.  அத்தகைய நீரைக் கிணற்றுக்கும் பயிருக்கும் அப்பால் வெறுநிலத்தில் ஊற்ற வேண்டும். வாய்க்காலில் விடுதல் கூடாது. மீன்குஞ்சு தப்பாதிருக்கக் குழாயின் உள்முனையில் சிறுகண் வலை கட்டுவது வழக்கம். தொட்டிச் சுவரின் பாசி தின்பதற்கென வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மீனினம் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டமையால், வடிநீர் வாய்க்காலுக்கு அண்மையில் செல்லும் வீடுகளில் அவ்வலையை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.