மாத்தளைக்காரர் கப்பல் ஏறும் கதை

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. திருகோணமலைப் பக்கம் போனாலும் கொழும்புப் பக்கம் போனாலும் நாலு மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கினால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். இருந்தும் மாத்தளை நகரத்தில் இப்போது கப்பல் விற்கிறார்கள். டிக்கட் ஏஜென்சியின் கண்ணாடிக் கதவில், உம்ரா, புத்தகயா, திருப்பதி விளம்பரங்களுக்குப் பக்கத்தில், நீலக் கடலும் வெள்ளைக் கப்பலுமாக ஒரு தாள். நாலு இரவு, ஐந்து பகல், சாப்பாடு உட்பட. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்து, சிங்கப்பூரிலேயே இறங்கலாம்.

எங்கள் தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்குக் கப்பல் புதிதல்ல. வள்ளமோ கப்பலோ ஏறிக் கடல் தாண்டாத முன்னோர் எந்த வீட்டிலும் இல்லை. ஆனால் எந்தக் கப்பல், எந்த நாள், எந்த ஊர் என்று அவர்களில் யாரும் தீர்மானித்ததில்லை. வேறு யாரோ தீர்மானித்தார்கள், இவர்கள் ஏறினார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பி போட ஆட்கள் கொண்டுவரப்பட்டதிலிருந்து இந்தக் கணக்கைத் தொடங்குவார்கள். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்க ஆள் வேண்டும், பறித்து முடிந்தால் வேண்டாம். அதனால் கங்காணி ஊருக்குப் போய்ப் பறிப்புக் காலத்தை அனுசரித்து ஆள் சேர்ப்பார். கையில் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார். அந்த நிமிடத்திலிருந்தே அது கடன். இராமேசுவரம் பக்கத்திலிருந்து பாய்மர வள்ளத்தில் மன்னார்க் கரை. அங்கிருந்து நடை. முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காடு கடந்து மாத்தளைக்கு வந்தால்தான் மலையும் தோட்டமும். தண்ணீர் இல்லாத இடத்தில் தாகத்தாலும், தண்ணீர் இருந்த இடத்தில் வாந்திபேதியாலும் விழுந்தார்கள். விழுந்தவர்களை எண்ணியவர் இல்லை. இன்று சொல்லப்படும் தொகைகள் எல்லாம் பிற்பாடு போட்ட மதிப்பீடு. கடலிலேயே போனவர்களும் உண்டு. 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி 120 பேர் இறந்ததாக மலையக வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

உயிரோடு மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்டு இளைப்பாறிய மரத்தடி அம்மன்தான் இன்றைய முத்துமாரியம்மன் என்று ஊரில் சொல்வார்கள். கோயிலின் வரலாறு 1874இல் தொடங்குகிறது. 108 அடி இராஜகோபுரமும் மாசி மகத்துக்கு ஐந்து தேரும் அதற்கு வெகு காலம் கழித்து வந்தவை.

கோப்பி நோய் பிடித்து அழிந்து, தேயிலை வந்தது. தேயிலை வருடம் முழுக்கக் கொழுந்து விடும், ஆளும் வருடம் முழுக்க வேண்டும். அதோடு பயணமும் மாறியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சுமார் 35 கிலோமீற்றர் கடல், இரண்டு மணித்தியாலம் போலப் பயணம். இந்தப் பக்கம் தலைமன்னாரிலிருந்து புதிய ரயில் பாதை. மாத்தளைக்கு ரயில் 1880இலேயே வந்திருந்ததால், பழைய நடைபாதையைத் தொடாமல் பொல்காவலை, கண்டி என்று சுற்றிக்கொண்டு ஊர் சேரலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று கப்பல்களுக்கு வைசிராய்களின் பெயர். ஏறியவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது எண். தோட்டத்தின் அடையாளம் பொறித்த ஒரு தகரத் துண்டு. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டால் டிக்கட்டும் அதுதான், விலாசமும் அதுதான். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, தோட்டத்திலிருந்து தொழிலாளியின் கணக்கில் இறங்கும். கப்பலுக்கு முன்னால் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. அம்மை குத்தி, குளிக்கவைத்து, சில நாள் அடைத்துவைத்து, நோய் இல்லை என்றால்தான் கரை தாண்ட விடுவார்கள்.

ஊருக்குப் போய்வருகிற வழக்கமும் இருந்தது. குலதெய்வத்துக்குப் பொங்கல், தங்கச்சி கல்யாணம், நிலம் பிரிக்கிற பஞ்சாயத்து என்று நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை போவார்கள். அதுதான் எங்கள் ஆட்கள் ஆசைப்பட்டுப் போன முதல் கப்பல் பயணம் என்று சொல்லலாம். அதற்கும் துரையிடம் லீவு, கங்காணியிடம் கடன். 1939இல் இந்தியா தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இங்கே எங்களை நாடற்றவர்களாக்கியது. அதன்பிறகு ஊருக்குப் போய்வருவது சுலபமாக இருக்கவில்லை.

அடுத்த பயணத்தைத் திட்டமிட்டவர்கள் இரண்டு பிரதமர்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கம்மடுவையிலும் லயத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் டிசம்பரிலேயே புயல் அடித்துத் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விண்ணப்பம் போட்ட வீடுகளில் கடைசி இரவு எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு மக்களே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பயணத்துக்கும் ஆயத்தம் உண்டு, அதுவும் நுணுக்கமான ஆயத்தம். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் பல தடவை அலைந்து கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் எடுக்க வேண்டும். சேமலாப நிதி வர வேண்டும். மாடு விற்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைக் கட்டுவதா, அம்மியைத் தூக்குவதா என்று சண்டை நடக்கும். குடும்ப அட்டையில் எந்த இடம் எழுதியிருக்கிறதோ அதுதான் இனி ஊர். பலருக்கு அது நீலகிரி. 1984 வாக்கில் போர்ச் சூழலில் கப்பலும் நின்றுபோனது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக வழியில்லாமல் இருந்தவர்கள் மாத்தளையிலும் இருந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வீடுகளில் குடியுரிமைக் கதை ஒரு முடிவுக்கு வந்தது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் ஏஜென்சிக் கதவில் ஒட்டிய தாளின் அர்த்தம் புரியும்.

போன ஏப்ரல் லீவுக்கு முன், தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் தன் மகனோடு அந்த மாதிரி ஏஜென்சி ஒன்றில் உட்கார்ந்து அறை தெரிவுசெய்துகொண்டிருந்ததைப் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டேன். மகன் விலைப்பட்டியலைக் காட்டி, "அம்மா, உள்பக்க ரூம்தான் மலிவு. ஆனா ஜன்னல் இருக்காது" என்றான். "எவ்வளவு பெருசு?" "நூத்தம்பது சதுர அடி போல." ரீச்சர் ஒரு கணம் கணக்குப் போட்டார். "நான் பொறந்த லயக் காம்பரா பத்துக்குப் பன்னெண்டு. அதுல நாங்க ஏழு பேரு. இதுல ரெண்டு பேருதானே, தாராளம். ஆனா தம்பி, லயத்துலகூட சின்னதா ஒரு ஜன்னல் இருந்துச்சு. காசு குடுத்துட்டு இருட்டுல படுக்கவா கடலுக்குப் போறது?" ஜன்னல் வைத்த அறைக்கே முற்பணம் கட்டினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

உள்பக்க அறையில் தப்பில்லை என்றும் சொல்ல வேண்டும். கப்பலில் அறை தூங்கத்தான். பகல் முழுக்க மேல்தளத்தில்தான் இருப்பார்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜன்னலைவிட இடத்தைத்தான் பார்க்க வேண்டும்: கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். அங்கே ஆட்டம் குறைவு. தாளில் 'சாப்பாடு உட்பட' என்று இருந்தாலும், குளிர்பானம், இணையம், கரையில் இறங்கிச் சுற்றும் பஸ் எல்லாம் பெரும்பாலும் புறம்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் கடைசி பில்லில் ஏறும். முன்பணம், புறம்பு, கடைசியில் கணக்கு: கங்காணிக் காலத்துப் பற்றுவரவை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஏமாறக் கூடாது.

சிங்கப்பூர்தான் வேண்டுமா? கிட்டத்திலும் கப்பல் உண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் தீவைச் சுற்றி வந்தது. நாம் குடியிருக்கும் தீவைப் பார்க்க நாம் சென்னைக்குப் பறந்து கப்பல் ஏறுவது வேடிக்கைதான். ஆனாலும் கடல் பக்கமிருந்து கோணேசர் மலையைப் பார்க்கிற ஆசை யாருக்கு இல்லை? அப்படிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் இந்தியாவிலிருந்து வெளியேறித் திரும்ப இந்தியாவுக்குள் வருகிறது. ஒரு தடவை மட்டும் நுழைய விடும் விசா போதாது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே செரியபாணி என்ற பயணிகள் கப்பல் ஓடியது. சில நாளில் வடகீழ்ப் பருவமழை வந்து நிறுத்தியது. 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு சேவை திரும்பவும் தொடங்கியது. இது உல்லாசக் கப்பல் அல்ல, நாலு மணித்தியாலப் பயணிகள் கப்பல். எனக்கு என்னவோ எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நீலகிரிக்கும் கூடலூருக்கும் போன பெரியப்பா வீட்டாரைப் பார்க்க, சொந்தக் காசில், திரும்பிவரும் டிக்கட்டோடு கடல் வழியாகப் போகலாம். கார்த்திகை, மார்கழியில் மட்டும் திட்டம் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்து.

எல்லாரும் போகலாம் என்று நான் சொல்லவில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் கப்பல் தாள் சுவரில் ஒட்டத்தான் உதவும். ஏறுகிறவர்கள் ரீச்சர்மார், கடைக்காரர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் வீட்டார். இன்னொரு விதமாகவும் ஏறுகிறார்கள்: தம்புள்ளை, ஹபரணைப் பக்கத்து ஹோட்டல்களில் தொழில் பழகிய பொடியன்கள் கப்பலில் அறை துப்புரவு செய்யவும் மேசை பரிமாறவும் போகிறார்கள். அவர்களுக்குத் தீவுகள் வேலை முடிந்த இடைவெளியில் தெரிகிற காட்சி.

எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து நடக்கிறது. கொழும்பிலோ திருகோணமலையிலோ உல்லாசக் கப்பல் வந்து நின்றால், அதில் வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு பகலில் பார்த்துத் திரும்ப விரும்பும் இடங்கள் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன: 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சீகிரியா, 1991இல் சேர்ந்த தம்புள்ளைக் குகைக் கோயில், மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள். திருகோணமலையிலிருந்து என்றால் வசதி. கொழும்பிலிருந்து என்றால் போகவரவே எட்டு மணித்தியாலம், கப்பல் காத்திருக்காது. குளிரூட்டிய பஸ் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் ஏ9 வீதி, கோப்பிக் காலத்து ஆட்கள் நடந்து வந்த அதே வழி. மிளகு, கறுவா, கொக்கோ, வனிலா பற்றியெல்லாம் வழிகாட்டிகள் அழகாகச் சொல்கிறார்கள். அந்த வழியில் நடந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. 2023இல், 200 வருட நினைவாக, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வந்து சேர்ந்த மலையக மக்களின் நடைபயணம் இதே வழியில்தான் வந்தது. அந்தக் கதையைச் சொல்ல சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பது பெரிய செலவில்லை. மாகாணச் சுற்றுலாத் திணைக்களம் நினைத்தால் நடக்கும்.

கடைசியாக, இந்த வருட லீவுக்குக் கப்பல் ஆசை வைத்திருப்பவர்களுக்கு. அறையும் தீவும் பிறகு பார்க்கலாம், முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. பிறப்புச் சான்றிதழில் கறுப்பையா, அடையாள அட்டையில் கருப்பையா, விவாகச் சான்றிதழில் அப்பாவின் பெயரே வேறு என்றிருந்தால் கடவுச்சீட்டு அங்கேயே சிக்கும். திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, திருத்திய பிரதி கையில் வந்த பிறகு முற்பணம் கட்டுங்கள். கடவுச்சீட்டு ஏற்கெனவே இருந்தால், திரும்பிவரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுமா என்று பாருங்கள். செல்லாவிட்டால் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.