உடற்பயிற்சி: பலன், அபாயம், உரிமை

உடற்பயிற்சியின் பலன் தசையில் தொடங்குகிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் தயவை எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரிவர வேலை செய்யாத இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிக்கும் இந்த வழி அடைபடுவதில்லை. சாப்பிட்ட கையோடு படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படுவது இதனால்தான். பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் இன்சுலினும் நன்றாக வேலை செய்யும். பிறகு அந்தப் பலன் கரைந்துவிடும். ஆகவே, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

இதயத்துக்கான ஆதாரம் பழையது. லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸின் குழு 1953இல் காட்டியது. டிரைவர்களின் சீருடை அளவே பெரிது என்பதையும் அதே குழு பின்னர் கண்டறிந்தது. வேலை மட்டுமே காரணமல்ல என்றாலும், பிற்கால ஆய்வுகளும் உடலுழைப்புக்கே சாட்சி சொல்கின்றன.

மூளை விஷயத்தில் நிதானம் தேவை. அமெரிக்காவில் முதியவர்கள் 120 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. பிந்தைய ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த வளர்ச்சி தென்படவில்லை. தூக்கமும் மனநிலையும் சீராவதற்கு உள்ள சான்று இதைவிட உறுதியானது.

வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி: இது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. வீட்டுவேலையும் வயல்வேலையும் இதில் சேரும்.

அபாயம் பெரும்பாலும் அவசரத்தில் வருகிறது. இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கலாம், வியர்த்துக் கொட்டலாம். பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடப்பது ஆபத்து. பழக்கமில்லாத உடலை முதல் நாளே வாட்டினால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு இறுகினாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் ஜிம்மில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். புரோட்டீன் பவுடர் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

நடக்க இடம் கேட்பதும் உரிமைதான். பாதசாரிகளுக்கு நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. கடைகளும் டூவீலர்களும் நடைபாதையை மறித்தால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டிய ஜிம் பாதியில் மூடப்பட்டால், அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடாகக் கேட்கத்தக்கது. பணம் கட்டிய ரசீதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.