ஆகாயத்தில் போர்க் கலம் சட்டென்று திரும்புமா?
ஆரல்வாய்மொழிக் காற்று சொல்லும் பதில்

பூமியின் மீது ஒரு பெரும் படை பாய்கிறது. படையில் இருப்பவர்கள் மனிதர்கள் அல்ல. வேறு வேறு கிரகங்களைச் சேர்ந்த விசித்திரப் பிராணிகள்! அவர்களை ஒன்று சேர்த்தது மதம். என்றோ மறைந்துபோன ஓர் இனத்தாரைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். "மனிதர்கள் உயிரோடு இருப்பதே தெய்வக் குற்றம்" என்று குருமார்கள் சொல்லிவிட்டார்கள். மூண்டது போர்!

இது 2001-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஹேலோ' என்ற வீடியோ விளையாட்டு வரிசையின் கதை. அந்தப் படையின் சிறிய விண் போர்க் கலத்துக்கு 'செராப்' என்று பெயர். நீர்த்துளி போன்ற உருவம். பருந்து போல் பாயும். வளைந்து திரும்பிச் சுடும்.

"நிஜமாகவே அப்படித் திரும்ப முடியுமா அப்பா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

மலை வாசல்

ஆரல்வாய்மொழி, நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாசல். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே இடைவெளி விடுகிறது. படை வரும் வழி என்பதால் திருவிதாங்கூர் அரசு இங்கே கோட்டை கட்டிக் காத்தது. 1809-ல் தளவாய் வேலுத்தம்பியை எதிர்த்து வந்த கும்பினிப் படை, வாசலில் மோதவில்லை. இரவோடு இரவாக, செங்குத்தான மலையில் ஏறியது. பிப்ரவரி 10-ந் தேதி கோட்டை வீழ்ந்தது.

அந்தச் சிப்பாய்கள் பாறையில் காலை ஊன்றி ஏறினார்கள். ஊன்றினால்தான் திரும்ப முடியும். பறவைக்கும் அப்படியே. அது காற்றில் சிறகை ஊன்றித் திரும்புகிறது.

படை மட்டுமா, காற்றும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. ஆடி மாதத்தில் ஆளையே தள்ளும்! முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வது அதனால்தான். ஆகாய விமானம் இறக்கையைச் சாய்த்து வளைவதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

விண்வெளியில் காற்று ஏது? அங்கே இறக்கை வெறும் தகடு. கலத்தின் மூக்கைத் திருப்பினாலும், கலம் பழைய திசையிலேயே ஓடும். பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும். திசை மாற வேண்டுமானால் எஞ்சின் நெருப்பைக் கக்கித் தள்ள வேண்டும். பூமியைச் சுற்றும் கலத்தின் வேகம் மணிக்கு சுமார் 28 ஆயிரம் கிலோமீட்டர். அதை மடக்கித் திருப்ப எவ்வளவு எரிபொருள் வேண்டும்! செராப் போல நாலு வளைவு வளைந்தால் தொட்டி காலி. வெடிச் சத்தமும் கேட்காது. சத்தத்தைச் சுமந்து வரவும் காற்று வேண்டுமே!

மகேந்திரகிரியில்...

நிஜக் கலம் எப்படித் திரும்புகிறது? அதற்கும் தூரம் போக வேண்டாம். ஆரல்வாய்மொழிக்கு அருகிலேயே மகேந்திரகிரி மலை. அனுமார் இலங்கைக்குத் தாவியது இங்கிருந்துதான் என்பார்கள். அதன் அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள், 'இஸ்ரோ'வின் எஞ்சின் சோதனை நிலையம் இருக்கிறது. எஞ்சினைப் பறக்க விடுவதில்லை. அசையாதபடி பூட்டிவைத்து எரித்துப் பார்ப்பார்கள்.

மனிதரை ஏற்றிச் செல்வதற்கான 'ககன்யான்' கலத்தின் எஞ்சின்களை 2023 ஜூலையில் இங்கே சோதித்தார்கள். பெரியவை 5. சின்னஞ்சிறியவை 16. சிறியது ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ எடையைத் தாங்கும் அளவுக்கே தள்ளும். ஒரு அரிசிப் பையைத் தூக்குகிற பலம், அவ்வளவுதான்! ஆனால் கலத்தை இப்படியும் அப்படியும் திருப்புவது இந்தச் சின்னஞ்சிறு எஞ்சின்களே.

பூமிக்குத் திரும்பும் வேளை வந்ததும், அவை கலத்தை மெல்ல, முதுகு முன்னால் வரும்படி திருப்பும். பிறகு பெரிய எஞ்சின்கள் எரிந்து வேகத்தைக் குறைக்கும். கலம் கீழே இறங்கத் தொடங்கும். அந்த ஒரு திருப்பம் பிசகினால், உள்ளே இருப்பவர்கள் வீடு திரும்புவது சந்தேகம்.